எவ்வளவு பிடிச்சான்?

ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தால், "வந்துருச்சுப்பா" என்பாள். அடுத்த கேள்வி, "எவ்வளவு பிடிச்சான்?" பிடித்தவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. வங்கியோ கம்பெனியோ அரசாங்கமோ, எல்லாம் அவளுக்கு ஒரே 'அவன்'தான். தூரத்திலிருந்து பணம் வந்தால் நடுவில் ஒருத்தன் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் விடுவான் என்பது அவள் அனுபவம். அப்பா சூரத்தில் மில் வேலையில் இருந்தபோது மாதாமாதம் மணியார்டர் வரும். இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன். அதாவது ஐந்து சதவீதம். அது போக, திண்ணையில் உட்கார்ந்து பணத்தை எண்ணிக் கொடுக்கும் தபால்காரருக்கு அம்மா தன் கையால் ஏதாவது கொடுப்பாள். இன்றைய கைப்பேசி ஆப்கள் பெரும்பாலும் ஐந்து சதவீதத்தைவிடக் குறைவாகத்தான் எடுக்கின்றன. ஆனால் அப்பா அந்த ஐந்து சதவீதத்தைத் தபாலாபீஸ் கவுண்டரில் தனியாக எண்ணி வைத்தார். பிடித்தது எவ்வளவு என்று இரண்டு பக்கமும் தெரியும்.

"ஒண்ணும் பிடிக்கலம்மா, ஃப்ரீ" என்று பல வருடங்களாகச் சொல்லிவந்தேன். திரையில் அப்படித்தான் இருந்தது: கட்டணம் 0. அது உண்மையில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். சிங்கப்பூருக்கு வருவதற்கு முன்னால் சென்னையில் ஒரு பணப்பரிமாற்ற நிறுவனத்தில் அந்த மாதிரித் திரைகளை எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான்.

கணக்கு எளிது. பெரிய வங்கிகள் தங்களுக்குள் ஒரு நாணயத்தை வாங்கத் தயாராக இருக்கும் விலை ஒன்று, விற்கத் தயாராக இருக்கும் விலை ஒன்று, எந்த நேரத்திலும் உண்டு. இரண்டுக்கும் மத்தியில் இருப்பது நடுவிலை. கூகுளில் தட்டினால் வருவது ஏறக்குறைய அதுதான். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நடுவிலை 62 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் உங்களுக்கு 61.38 என்று காட்டும். ஆயிரம் வெள்ளி அனுப்பினால் 620 ரூபாய் உங்கள் கண்ணில் படாமலே கழிந்துவிடும். கட்டணம் என்ற வரியில் பூஜ்யம் பளிச்சென்று பச்சை நிறத்தில் நிற்கும்.

எங்கள் நிரலில் அந்த 62 பைசாவுக்கு ஒரு மாறி இருந்தது. மார்ஜின் என்று பெயர். எங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது அதற்குப் பெயர் இருக்கும், திரைக்கு வரும்போது பெயர் போய்விடும். முதல்முறை அனுப்புகிறவருக்கு மார்ஜின் கிட்டத்தட்ட இல்லை. இரண்டாவது முறையிலிருந்து ஏறும். பழகியவர் போகமாட்டார் என்ற நம்பிக்கைதான். வெள்ளி இரவு நியூயார்க்கில் சந்தை மூடி, திங்கள் காலை ஆசியாவில் திறக்கும்வரை மார்ஜின் இன்னும் கொஞ்சம் ஏறும். இதற்கு ஒரு நியாயம் உண்டு. மூடிய சந்தையில் இன்று ஒரு விலையை ஒப்புக்கொண்டுவிட்டு, திங்கள் திறக்கும்போது விலை வேறாக இருந்தால் நட்டம் நிறுவனத்துக்கு. அதற்கான பாதுகாப்பு அது. ஆனால் கட்டுமானத் தொழிலாளிக்கு லீவு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். சிராங்கூன் சாலையில் ஞாயிறு மாலை நிற்கும் வரிசைகளைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பாதுகாப்புக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒருமுறை சோதனை செய்தோம். பாதிப் பேருக்கு மூன்று டாலர் கட்டணம், நடுவிலை. மீதிப் பேருக்குக் கட்டணம் 0, ஒரு சதவீதம் குறைந்த விலை. ஐந்நூறு டாலர் அனுப்புகிறவருக்கு முதலாவதில் மூன்று டாலர் போகும், இரண்டாவதில் ஐந்து. பூஜ்யம்தான் ஜெயித்தது. நான் மீட்டிங்கில் கையைத் தூக்கி, மார்ஜினையும் ஒரு வரியாகக் காட்டிவிடலாமே என்றேன். மேலாளர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "ஜனங்க எதைக் கேக்குறாங்களோ அதைத்தான் தர்றோம். அவங்க பூஜ்யத்தைக் கேக்குறாங்க" என்றார். அதற்கு ஒரு டிக்கெட் போடச் சொன்னார். போட்டேன். 'பிறகு பார்க்கலாம்' என்ற வரிசைக்குப் போனது. நான் அங்கிருந்து விலகும்போதும் அது அங்கேயே கிடந்தது. விலகியதும் அதற்காக அல்ல. அதிகச் சம்பளத்துக்காக.

மேலாளர் சொன்னதை லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. ஏமாறுவதையே ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுத்தால் அது ஏமாற்றுதானா? கட்டணம் 0 என்பது எழுத்துக்கு எழுத்து உண்மை. விலையும் திரையில் இருக்கிறது. பெறுபவருக்கு எத்தனை ரூபாய் போகும் என்பதும் இருக்கிறது. நட்சத்திரக் குறி போட்டு, அடியில் பொடி எழுத்தில், விலையிலிருந்து நிறுவனம் வருமானம் ஈட்டலாம் என்றும் இருக்கிறது. குருக்ஷேத்திரத்தில் தருமன் செய்தது இதுதான். அசுவத்தாமன் இறந்தது உண்மை. அது யானை என்பதையும் அவன் சொல்லத்தான் செய்தான், துரோணர் காதில் விழாத அளவில். தரையில் படாமல் ஓடிக்கொண்டிருந்த அவன் தேர் அன்றைக்குத் தரையில் இறங்கியது என்று கதை. வாக்கியத்தை வைத்து அல்ல, கேட்பவன் மனதில் எதை விதைக்க அந்த வாக்கியம் சொல்லப்பட்டதோ அதை வைத்துத்தான் அது பொய்யா என்று தீர்மானிக்க வேண்டும் என்பது அந்தக் கதை சொன்னவர்களுக்குத் தெரிந்திருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்தது பூஜ்யத்தை. ஆனால் அவர்களிடம் விற்கப்பட்டது பூஜ்யம் இல்லை. சம்மதம் ஒன்றுக்கு, கொடுக்கப்பட்டது வேறொன்று.

உலக வங்கி 200 டாலர் அனுப்ப எவ்வளவு செலவாகிறது என்று ஒவ்வொரு நாட்டுப் பாதைக்கும் கணக்கெடுத்து வெளியிடுகிறது. அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த விஷயம், கட்டணத்தையும் மார்ஜினையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள். அம்மாவின் கேள்விக்கு நேரடியான பதில். உலக சராசரி இன்னும் ஆறு சதவீதத்துக்கு மேலேதான் நிற்கிறது. 2009-இல் இத்தாலியின் லாக்குவிலாவில் கூடிய ஜி8 தலைவர்கள், ஐந்து வருடங்களில் இதை ஐந்து சதவீதத்துக்குக் கொண்டுவருவோம் என்றார்கள். நடக்கவில்லை. பிறகு ஐ.நா. தன் இலக்குகளில் 2030-க்குள் மூன்று சதவீதத்துக்குக் கீழே என்று எழுதிவைத்தது. அமெரிக்காவில் 2013 முதல், அனுப்புவதற்கு முன்பே கட்டணம், மாற்று விலை, பெறப்போகும் தொகை மூன்றையும் காட்டியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நடுவிலையைக் காட்டச் சொல்லவில்லை. அதாவது நடுவில் இருப்பவன் எவ்வளவு பிடித்தான் என்பதை நீங்களேதான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தவன் என்பதால் அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. எந்த சேவையில் அனுப்பலாம் என்று கேட்டு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு எக்செல் வைத்திருந்தேன். அனுப்பும் தொகையைப் போட்டால், எட்டு சேவைகளில் எதில் ஊருக்கு அதிகம் போய்ச் சேரும் என்று வரிசைப்படுத்திவிடும். பெருமையாகத்தான் இருந்தது.

2022 ஜனவரியில் சாவகச்சேரிக்காரரான ஒரு மூத்த சகா என் மேசைக்கு வந்தார். எனக்கு அண்ணன். நான் அவருக்குத் தம்பி.

"தம்பி, உங்கட எக்செல்ல உண்டியலும் இருக்கோ?"

உண்டியல் என்றால் எனக்குக் கோயில் உண்டியல், சின்ன வயதில் காசு போட்ட மண் உண்டியல் இரண்டும்தான் தெரியும். அவர் விளக்கினார். இங்கே ஒருவரிடம் வெள்ளியைக் கொடுத்தால், அன்று பின்னேரமே அங்கே ஒருவர் அம்மாவின் கையில் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போவார். சீட்டு இல்லை, ரசீது இல்லை. அந்த மாதம் இலங்கை மத்திய வங்கி டாலரை 203 ரூபாய்க்குள் பிடித்து வைத்திருந்தது. வங்கி வழியாக அனுப்புகிறவர்களுக்கு டாலருக்குப் பத்து ரூபாய் ஊக்கத்தொகை என்று முந்தைய டிசம்பரில் அறிவித்திருந்தார்கள். அதையும் சேர்த்து வெள்ளிக்கு 157 ரூபாய் வரும். உண்டியல்காரர் 178 தருவதாகச் சொன்னாராம். 600 வெள்ளிக்கு வங்கியில் 94,200. உண்டியலில் 1,06,800.

எக்செல்லில் ஒரு வரி சேர்த்தேன். அது மேலே போய் உட்கார்ந்துகொண்டது. "இதுல யோசிக்க என்ன இருக்குண்ணா? பன்னெண்டாயிரத்து அறுநூறு ரூபா வித்தியாசம்" என்றேன். அவர் சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம், அதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கேட்க வந்தது அது இல்லை என்று எனக்கு நாலு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

அன்றிரவு உண்டியல் பற்றிப் படித்தேன். தொழில்நுட்பம் தெரிந்தவனுக்கு அது அழகான அமைப்பு. பணம் எல்லையைக் கடப்பதே இல்லை. இங்கே இருப்பவரிடம் வெள்ளி சேர்கிறது, அங்கே இருப்பவரிடமிருந்து ரூபாய் போகிறது. இரண்டு பேரேடுகளில் இரண்டு வரிகள், அவ்வளவுதான். கணக்கை நேர்செய்ய, எதிர்த்திசையில் தேவை உள்ள ஒருவர் வேண்டும். இலங்கையில் ரூபாய் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் டாலர் தேடுகிற ஒருவர். மகனுக்கு மெல்பர்னில் ஃபீஸ் கட்டுகிறவராக இருக்கலாம், சரக்கு இறக்குமதி செய்கிறவராக இருக்கலாம், தங்கம் கடத்துகிறவராக இருக்கலாம். அவர் அங்கே ரூபாயைக் கொடுத்து, இங்கே இருக்கும் வெள்ளியைப் பெற்றுக்கொள்வார்.

நகரத்தார் ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று கடை வைத்திருந்த காலத்தில் உண்டியல் என்பது மதிப்பான சொல். ஓர் ஊர்க் கடையில் எழுதிக் கொடுத்த தாளை இன்னொரு ஊர்க் கடையில் காட்டிப் பணம் வாங்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவின் 1881-ஆம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே, கீழைமொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்களைப் பற்றிய உள்ளூர் வழக்கத்தில் தலையிடவில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறது. உண்டியலுக்குச் சட்டம் கொடுத்த மரியாதை அது. அந்நியச் செலாவணி என்று ஒன்று அரசின் கவலையாக ஆனபிறகுதான் அதே முறை குற்றமானது.

வேடிக்கை என்னவென்றால் 2011-இல் லண்டனில் இருந்த இரண்டு எஸ்டோனியர்கள் இதையே திரும்பக் கண்டுபிடித்தார்கள். தாவெத் ஹின்ரிகுஸுக்கு ஸ்கைப் நிறுவனம் யூரோவில் சம்பளம் கொடுத்தது, செலவோ பவுண்டில். கிறிஸ்டோ கார்மனுக்குச் சம்பளம் பவுண்டில், எஸ்டோனியாவில் வீட்டுக்கடன் யூரோவில். வங்கி எடுத்துக்கொள்ளும் மார்ஜினைப் பார்த்து நொந்துபோய், நடுவிலையைப் பார்த்துத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். இவர் அவருடைய லண்டன் கணக்கில் பவுண்ட் போடுவார், அவர் இவருடைய எஸ்டோனியக் கணக்கில் யூரோ போடுவார். அதிலிருந்து பிறந்ததுதான் டிரான்ஸ்ஃபர்வைஸ், இப்போது வைஸ். காரைக்குடியில் ஒரு பழைய கணக்கப்பிள்ளை இதைக் கேட்டிருந்தால், இதில் என்ன புதுசு என்றிருப்பார். புதுசு உண்டு. உரிமம், வாடிக்கையாளர் யார் என்ற பதிவு, அரசு பார்க்க முடிகிற கணக்கு. உண்டியலில் என் நண்பரின் 600 வெள்ளிக்குப் பக்கத்தில் யாருடைய பணம் உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆயுதத்துக்கும் ஆட்கடத்தலுக்கும் பணம் போனதும் இதே வழியில்தான். அதையும் சேர்த்துத்தான் அதன் அழகைப் பேச வேண்டும்.

ஏப்ரல் 12-ஆம் தேதி இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பித்தர முடியாது என்று அறிவித்தது. மார்ச்சில் பிடியைத் தளர்த்திய பிறகு டாலர் 300-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. பெட்ரோலுக்கு, கேஸுக்கு, பால்மாவுக்கு என்று எல்லாவற்றுக்கும் வரிசை. மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. டாலர் இல்லாததால் ஆஸ்பத்திரிகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. மே மாதம் நண்பர் மறுபடி என் மேசைக்கு வந்தார்.

"அம்மாவின்ர சீனிக் குளிசை ஒரு பாமசியிலயும் இல்லையாம். காசு கிடக்குது. குளிசைதான் இல்லை."

கொழும்பு போகும் ஒருவரிடம் இங்கிருந்தே ஆறு மாதத்துக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தனுப்பினோம். அது கொழும்பிலிருந்து பஸ்ஸில் சாவகச்சேரி போய்ச் சேர ஐந்து நாளானது. சேர்ந்த அன்று மாலை காப்பி மெஷின் பக்கத்தில் நின்று அவர் கேட்டார்: "நான் அண்டைக்கு பாங்காலயே அனுப்பியிருந்தா?"

நான் உடனே, "உங்க அறுநூறு வெள்ளியாலயா ஒரு நாடு திவாலாச்சு?" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பதிலில் ஒரு கோளாறு இருக்கிறது. டெரிக் பார்ஃபிட் 1984-இல் எழுதிய 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் ஒரு சிந்தனைச் சோதனை வருகிறது. ஆயிரம் சித்திரவதையாளர்கள், ஆயிரம் கைதிகள். ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். ஒரு பொத்தான் ஒவ்வொரு கைதியின் வலியையும் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கூட்டும். எந்தக் கைதிக்கும் அந்த ஒரு பங்கு தெரியாது. எனவே நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று ஒவ்வொருவரும் சொல்லலாம். கைதிகளோ தாங்க முடியாத வலியில் துடிக்கிறார்கள். தன் பங்கு கண்ணுக்குத் தெரியவில்லை என்பது விடுதலைச் சீட்டு அல்ல என்பது பார்ஃபிட்டின் வாதம். இலங்கைக்கு வங்கி வழியாக வந்த உழைப்பாளர் பணம் 2020-இல் 7.1 பில்லியன் டாலர். 2021-இல் 5.5. 2022-இல் 3.8. குறைந்ததெல்லாம் உண்டியலுக்குத்தான் போனது என்று சொல்லமாட்டேன். கொரோனாவில் வேலையிழந்து திரும்பியவர்கள் நிறையப் பேர். ஆனால் பெரும்பங்கு போனது. அந்தப் பெரும்பங்கு 600 வெள்ளி, 300 திர்ஹாம், 80 தினார் என்று தனித்தனி அம்மாக்களுக்குப் போன தொகைகளால் ஆனது. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் என்னைப் போல ஒருவன், 'இதுல யோசிக்க என்ன இருக்கு' என்று சொல்லியிருப்பான்.

அப்படியானால் அவர் வங்கியில் அனுப்பியிருக்க வேண்டுமா? இந்த இடத்தில் பார்ஃபிட்டின் ஒப்புமை எனக்குப் பத்தவில்லை. அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருப்பதில் சித்திரவதையாளனுக்கு எந்த இழப்பும் இல்லை. என் நண்பர் 12,600 ரூபாயை விட்டுக்கொடுக்க வேண்டும். அதுவும் அவருடையதை அல்ல, அம்மாவுடையதை. சரி, நாட்டுக்காக விட்டுக்கொடுக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். விட்டுக்கொடுத்தது எங்கே போயிருக்கும்? 240 ரூபாய் பெறுமான டாலரை ஒருவரிடமிருந்து 213-க்கு வாங்கினால் மீதி ஆவியாகிவிடாது. குறைந்த விலையில் டாலர் கிடைத்தவர் யாரோ அவருக்குப் போகும். அந்த ஜனவரி 18-ஆம் தேதி இலங்கை அரசு 500 மில்லியன் டாலர் கடன்பத்திரத்தை முழுதாகத் திருப்பிக் கட்டியது. அதை வைத்திருந்த முதலீட்டாளர்களுக்கு ஒரு சதம் குறையவில்லை. கட்டாதே, அந்த டாலரை மருந்துக்கும் எண்ணெய்க்கும் வை என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் அப்போதே சொன்னார்கள். குவைத்தில் வீட்டுவேலை செய்கிற ஒரு பெண் வங்கி வழியாக அனுப்பி, அதனால் இழந்த ரூபாய், மருந்தாகத் திரும்பி வந்திருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. அவளிடம் யாரும் வரி என்று சொல்லி வாங்கவும் இல்லை. வரி இல்லை, மேற்கொண்டு ஊக்கத்தொகை வேறு என்றுதான் விளம்பரம் செய்தார்கள்.

எனக்கு இது பழக்கமான திரை. கட்டணம் 0. விலையில் பிடித்துக்கொள்.

அதனால்தான் உண்டியல்காரரிடம் ஏதோ ஒரு நேர்மை இருப்பதாகத் தோன்றுகிறது. அவர் சட்டத்தை மீறுகிறவர். ஆனால் டாலர் என்ன விலை என்று கேட்டால் உண்மையைச் சொன்னவர் அந்த மாதங்களில் அவர் மட்டும்தான். சட்டப்படி நடந்தவர்கள் பொய் விலை சொன்னார்கள். இதை வைத்து உண்டியல்தான் சரி என்று முடித்துவிட ஆசையாக இருக்கிறது. முடிக்க முடியவில்லை. பொய் விலை சொன்னவர்களுக்குத் தண்டனையாக நாம் டாலரை வெளியே வைத்துக்கொண்டோம். தண்டனை போய்ச் சேர்ந்தது பாமசி வரிசையில் நின்றவர்களுக்கு. வெளியே தங்கிய டாலரில் பருப்பும் வெங்காயமும் இறக்குமதி செய்து கடைகளை ஓட்டியவர்கள் உண்டு. வெளியே தங்கிய டாலர் தங்கமாகவும், வெளிநாட்டுக் கணக்கில் யாரோ ஒருவரின் சேமிப்பாகவும் உட்கார்ந்ததும் உண்டு. உண்டியலில் டாலர், தேவை அதிகம் உள்ளவருக்குப் போகாது, ரூபாய் அதிகம் உள்ளவருக்குப் போகும். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கு அந்த ஏலத்தில் கலந்துகொள்ளவே முடியாது.

இதையெல்லாம் நண்பரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைகுறையாகச் சொல்லிப் பார்த்தேன். லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தோம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"சண்டைக்காலத்தில வன்னியில சொந்தக்காரருக்கு காசு அனுப்ப பாங்க் இருந்ததோ? உண்டியல்காரர்தான் கொண்டுபோய்க் குடுத்தவர். அண்டைக்கு அரசாங்கம் எங்களைத் தன்ர ஆக்கள் எண்டு நினைக்கேல்ல. இண்டைக்கு டாலர் இல்லையெண்டோன்ன நாட்டுப்பற்று எண்டு கேக்குது."

கொஞ்ச தூரம் போய் மறுபடி தொடங்கினார். "அது ஒரு பக்கம். ஆனா சாவகச்சேரி ஆசுப்பத்திரியும் அந்த அரசாங்கத்தின்ரதான். அதுவும் தெரியும். கேட்டிருந்தா குடுத்திருப்பன் தம்பி. இவ்வளவு காசு மருந்துக்கு வேணும், வெளியில இருக்கிற நீங்கள் தாங்கோ எண்டு வாய் திறந்து கேட்டிருந்தா குடுத்திருப்பன். கேக்காமல் எடுக்கிறதுக்குப் பேர் வேற."

இதற்கு மேல் என்னால் நகர முடியவில்லை. பொதுவான சுமையில் என் பங்கு என்று ஒன்று உண்டு, அது எவ்வளவு சிறியதானாலும் உண்டு என்பதைப் பார்ஃபிட்டிடமிருந்து ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சுமை எவ்வளவு என்று சொல்லாமல் தலையில் ஏற்றுகிறவனிடம் அந்தக் கடமை அதே அளவில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. நண்பர் செய்தது தவறா என்று இன்று யாராவது கேட்டால், பெரிய தவறு அவருடையது இல்லை என்பேன். ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். அவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. என் பங்கைக் கேட்டால் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடியும். எங்கள் மேலாளருக்கு மக்கள் பூஜ்யத்தைக் கேட்கிறார்கள் என்பது போதுமானதாக இருந்தது. எனக்கு 12,600 போதுமானதாக இருந்தது. எந்த வரி மேலே வருகிறதோ அதுவே பதில் என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

பின்குறிப்பு மாதிரி ஒன்று. ரூபாயை அதன் போக்கில் விட்டு, வங்கி விலையும் உண்டியல் விலையும் நெருங்கிய பிறகு, 2023-இல் வங்கி வழியாக இலங்கைக்கு வந்தது கிட்டத்தட்ட 6 பில்லியன் டாலர். நாட்டுப்பற்று விளம்பரங்களும் ஊக்கத்தொகையும் செய்யாததை உண்மை விலை செய்தது.

நான் அம்மாவிடம் இப்போது சரியான எண்ணைச் சொல்லிவிடுகிறேன். நடுவிலையைப் பார்த்து, கழித்து, "முன்னூத்தி அம்பது ரூபா பிடிச்சாம்மா" என்பேன். "இம்புட்டுத்தானா? மணியார்டருக்கு எவ்வளவு போகும் தெரியுமா?" என்று அவள் சந்தோஷப்படுகிறாள். பல வருடங்கள் ஒன்றுமே பிடிக்கவில்லை என்றவன் திடீரென்று ஏன் எண் சொல்கிறான் என்று அவள் கேட்டதில்லை. ஒருவேளை அப்போதே நம்பியிருக்க மாட்டாள்.

நண்பரும் இப்போது ஆப்பில்தான் அனுப்புகிறார். போன வருடக் கடைசியில் அவருடைய கணக்கை ஒருமுறை எக்செல்லில் போட்டுப் பார்த்தபோது மாதம் 600-க்குப் பதில் 500-தான் இருந்தது. மீதி நூறு எங்கே என்றேன்.

"அது உண்டியல்காரருக்கு."

"ரெண்டு விலையும் ஒண்ணுதானேண்ணா இப்ப? சொல்லப்போனா அவர் கொஞ்சம் கூடப் பிடிப்பாரே?"

"ஓம், பிடிப்பார்" என்றார். "ஆனா அந்த நூறைக் கொண்டுபோய்க் குடுக்க அவற்ர ஆள் சைக்கிள்ல வீட்ட போகோணும். போனா அம்மா தேத்தண்ணி போட்டுக் குடுப்பா. அரைமணித்தியாலம் இருந்து கதைச்சிட்டு வந்து எனக்கு ஃபோன் எடுப்பார். போன மாசம் சொன்னார், அம்மா நல்லா மெலிஞ்சு போனா, கேட் துறக்க வரேக்க சுவரைப் பிடிச்சுக்கொண்டு வாறா எண்டு. அம்மா எனக்கு அதைச் சொல்லேல்ல."

பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, அவர் மீட்டிங்குக்கு எழுந்து போனார்.